வணிகர்க்கேற்ற வட்டுக்கோவை யாது?

பொருளைத் தேடுவதினும் தேடிய பொருளைக் காப்பது அரிது என்பது நம் நாட்டார் நெடுங்காலமாக அறிந்த உண்மை. நெல்லுக்குப் பத்தாயமும் பொன்னுக்குப் பெட்டியும் செய்துவைத்த குடிகளின் வழிவந்த வணிகர், இன்று தம் கணக்கையும் கடிதத்தையும் பற்றுவரவையும் சர்வர் என்னும் ஒரு கம்ப்யூட்டரில் இட்டுவைத்திருக்கின்றனர். அச்சர்வரின் உள்ளிருந்து செய்திகளைத் தாங்குபவை வட்டுகள். கடைத்தெருவில் ஹார்டு டிஸ்க் என்று வழங்குவதையே யாம் ஈண்டு வட்டு என்கிறோம். வட்டுகள் பலவற்றைக் கோத்து ஒரே வட்டுப்போல் இயங்கச் செய்யும் அமைப்புக்கு ரெய்டு என்று பெயர். அதனை வட்டுக்கோவை எனலாம். சிறு வணிகர் ஒருவர் தம் சர்வருக்கு எவ்வகை வட்டுக்கோவையைத் தேர்ந்துகொள்ளல் தக்கது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருள்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எமக்கு இத்துறையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்க வேண்டா. எம்மை இதில் ஈடுபடுத்தியது எம் கண்முன் நிகழ்ந்த ஓர் இழப்பு. அதனை முதற்கண் கூறிவிடுகிறோம்.

எம் பெரிய தந்தையார் தென்மாவட்ட ஊரொன்றில் ஓர் அச்சகம் நடத்தி வருகிறார். கோடை விடுமுறைதோறும் யாம் அங்குச் சென்று அச்சுப்பிழை திருத்துவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவர் தம் அச்சகத்திற்கு ஒரு சர்வர் வாங்கினார். விற்றவர், ஒவ்வொன்றும் 8 டெராபைட் கொள்ளும் வட்டுகள் நான்கினை அதில் மாட்டி, "நான்கு வட்டு இருக்கிறது, முதலாளி. ஒன்று போனாலும் மற்ற மூன்றும் தாங்கும். இனிமேல் கவலையே வேண்டாம்" என்று உறுதி கூறிச் சென்றார். பெரிய தந்தையாரும் கவலையை விட்டார். கவலையை விட்டதோடு, மாதந்தோறும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்த பழக்கத்தையும் நாளடைவில் விட்டுவிட்டார்.

சென்ற ஆண்டில் ஒருநாள் அந்நான்கனுள் ஒரு வட்டு பழுதுற்றது. சர்வர் பின்கட்டிலிருந்த பூட்டிய அறையில் இருந்தமையால் அதன் சிவப்பு விளக்கை ஒருவரும் காணவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சலோ, வேலையை விட்டு நீங்கிய ஊழியர் ஒருவரின் முகவரிக்குச் சென்றுகொண்டிருந்தது. வேலையும் தடையின்றி நடந்தது. மூன்று வாரம் கழித்து இரண்டாம் வட்டும் வீழ்ந்தது. அன்றே கோவை முழுவதும் ஊமையாயிற்று. வெளியே இருந்த படி பதினான்கு திங்களுக்கு முந்தியது. அப்பதினான்கு திங்களின் கணக்கும், கோத்த பக்கங்களும் போயின.

போனவற்றுள் ஒன்று எம் நெஞ்சை விட்டு நீங்காதது. ஓய்வுபெற்ற முதிய தமிழாசிரியர் ஒருவர் கடற்கரை மக்களின் வழக்குச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதி அச்சிடக் கொடுத்திருந்தார். அவர் கையெழுத்துப்படி இருக்கிறது. ஆயின், அவர் எம் பக்கத்தில் அமர்ந்து, வலையின் பெயர்களும் காற்றின் பெயர்களும் மீனின் பெயர்களுமாகப் புதிதாகச் சொல்லச் சொல்ல, விடுமுறை நாட்களில் யாம் நேரே கம்ப்யூட்டரில் ஏற்றிய சொற்கள் அச்சர்வரிலன்றி வேறெங்கும் இல்லை. தனியே ஒரு படி எடுத்துவைக்க எமக்குத் தோன்றவில்லை. அக்குற்றம் எம்முடையதே. செய்தி அறிந்த அப்பெரியவர், "ஏட்டைச் செல் அரித்தாலும் ஓரமாவது மிஞ்சும், தம்பி. இதில் ஓரங்கூட மிஞ்சாதா?" என்று வினவினார். யாம் விடை கூற இயலாது நின்றோம்.

அந்நாள்முதல், கணிதமும் கம்ப்யூட்டரும் பயிலும் நண்பர்களை வினவியும், நூல்களைத் துருவியும் யாம் அறிந்தவற்றை இங்கு முறைப்படுத்திக் கூறுகிறோம்.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட ராமாக் என்னும் கம்ப்யூட்டரில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனை தட்டிலும் கூடி அடங்கியவை 50 லட்சம் எழுத்துக்களே. அதன்பின் வட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருகியது, விலையும் தாழ்ந்தது. விலைமிக்க பெருவட்டு ஒன்றனுக்குப் பதிலாக விலைமலிந்த சிறுவட்டுகள் பலவற்றைக் கோத்தால் என்ன என்ற வினாவை, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிட் பாட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் என்னும் மூவர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுப்பினர். ரெய்டு என்னும் பெயர் அக்கட்டுரையாற் பரவியதே. பலவற்றைக் கோப்பதிலுள்ள இடரையும் அவர்களே எடுத்துக்காட்டினர். ஒரு வட்டு சராசரி 30,000 மணி நேரம் உழைக்குமாயின், 100 வட்டுகள் கொண்ட கோவையில் சராசரி 300 மணிக்கு ஒருமுறை ஏதேனும் ஒன்று வீழும். அஃதாவது இரண்டு வாரமும் நில்லாது. ஆதலின், வீழ்ந்ததனை மீட்டுக்கொள்ளும் வழியையும் உடன் அமைத்தாலன்றிக் கோவையாற் பயனில்லை என்றனர். அவ்வழிகளே இன்று எண்ணிட்டு வழங்கும் ரெய்டு வகைகள்.

அவற்றுள் வணிகர் காதில் விழுவன ஐந்து. ரெய்டு 0 என்பது செய்தியைத் துண்டாக்கி வட்டுகளிற் பகிர்ந்து எழுதுவது. விரைவு மிகும், காப்பு சிறிதும் இல்லை. ஒன்று வீழ்ந்தால் எல்லாம் வீழும். ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி என்ற பழமொழிக்கு இஃதே இலக்கியம். இதனை வணிகர் கருத்திலிருந்தே நீக்கிவிடலாம்.

ரெய்டு 1 என்பது ஒன்றில் எழுதுவதனையே அப்படியே மற்றொன்றிலும் எழுதுவது. இதனை இணைப்படி எனலாம். இரண்டு வட்டில் ஒன்றன் அளவே பயன்படும். ஒன்று வீழ்ந்தாலும் மற்றது நின்று வேலை செய்யும்.

ரெய்டு 5 என்பதைப் பேரேட்டு உவமையால் விளக்குவோம். ஒரு பக்கத்தில் 40, 25, 35 என மூன்று தொகைகளும், அடியில் 100 என்ற கூட்டுத்தொகையும் உள்ளன என்க. மூன்றனுள் ஒன்றன்மீது மை கொட்டிவிட்டால், கூட்டுத்தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து அதனை அறிந்துகொள்ளலாம். இரண்டன்மீது மை கொட்டினால் அறிய வழியில்லை. அதுபோலவே இவ்வகையில், செய்தியோடு அதனைச் சரிபார்க்கும் தொகையொன்றும் வட்டுகளில் மாறிமாறி எழுதப்பெறுகிறது. நான்கு வட்டில் மூன்றன் அளவு பயன்படும். ஒன்று வீழ்ந்தால் மீட்கலாம். ரெய்டு 6 இத்தகைய தொகைகள் இரண்டனை வைத்துக்கொள்கிறது. நான்கு வட்டில் இரண்டன் அளவே பயன்படும். எவை இரண்டு வீழ்ந்தாலும் மீட்கலாம். ரெய்டு 10 என்பது இணைப்படிகள் பலவற்றைச் சேர்த்து அவற்றிற் பகிர்ந்து எழுதுவது. இதிலும் பாதி அளவே பயன்படும்.

இனி, விற்பவர் ரெய்டு 5ஐப் பரிந்துரைப்பதன் காரணம் வெளிப்படை. நான்கு வட்டுக்கு விலை கொடுத்தால் மூன்றன் இடம் கிடைக்கிறது; காப்பும் இருக்கிறது. இதனை விரும்பாத வணிகர் யார்? வட்டுகள் சிறியனவாக இருந்த காலத்தில் இக்கணக்கு பொருந்தியதே. ஆயின் வட்டு பெருத்துவிட்ட இந்நாளில் அது பொருந்தாது என்பது எம் துணிபு. காரணம் கூறுவோம்.

முதலாவது, மீட்கும் நேரம். 8 டெராபைட் வட்டு வீழ்ந்து புதியதனை மாட்டினால், நொடிக்கு 200 மெகாபைட் வீதம் இடையறாது எழுதினாலும் அது நிறைய 11 மணி நேரம் செல்லும். 16 டெராபைட்டாயின் 22 மணி நேரம். இடையிடையே கடை வேலையும் நடக்குமாதலின் உண்மையில் இன்னும் நீளும். அத்தனை நேரமும் ரெய்டு 5 கோவைக்குக் காப்பென்பதே இல்லை. மீந்த மூன்று வட்டுகளும் முதலிலிருந்து இறுதிவரை படிக்கப்பெற வேண்டும். அவை ஓய்வின்றி உழைக்கும் நேரமும் அதுவே. அவற்றுள் ஒன்றும் தவறக்கூடாத நேரமும் அதுவே.

இரண்டாவது, படிக்க இயலாப் பிழை. விலை மலிந்த வட்டுகளுக்கு, நூறு லட்சம் கோடி பிட்டுகள் படித்தால் படிக்க இயலாப் பிழை ஒன்றுக்கு மேற்படாது என்றே அவற்றைச் செய்வோர் உறுதி கூறுகின்றனர். அஃது ஏறத்தாழ 12.5 டெராபைட். எம் பெரிய தந்தையாரின் கோவையை மீட்கப் படிக்க வேண்டியதோ 24 டெராபைட். நல்ல வட்டுகள் இவ்வுறுதியினும் மேலாகவே உழைக்கின்றன என்பதையும், உயர்தர வட்டுகளுக்கு இவ்வளவு பத்து மடங்கு என்பதையும் மறுக்கமாட்டோம். ஆயினும், உறுதி கூறிய அளவுக்கு இருமடங்கு படித்தே மீள வேண்டிய அமைப்பில் முதலை வைப்பது விவேகமா என்பதே எம் வினா.

மூன்றாவது, ஒருங்கே முதுமையடைதல். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய நான்கு வட்டுகள் ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரே அளவு உழைக்கின்றன. ஒன்று வீழ்ந்தபின் மற்றவை நெடுங்காலம் நிற்கும் என்று எண்ணுவது எதனால்? முன்கூறிய மூவருள் ஒருவராகிய கார்த் கிப்ஸனும், பியாங்கா ஷ்ரோடர் என்பாரும் சுமார் ஒரு லட்சம் வட்டுகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், செய்வோர் குறிப்பின்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே வட்டுகள் கெட வேண்டியிருக்க, நடைமுறையில் 2 முதல் 4 வரை மாற்றப்படுவது பொதுவென்றும், சிலவிடத்து 13 வரையும் சென்றதென்றும் காட்டினர். ஒரு வீழ்ச்சியோடு மற்றொன்று தொடர்பற்றது என்னும் கொள்கையும் நிலைபெறாது என்பது அவர்கள் கண்ட மற்றோர் உண்மை.

சுழலும் வட்டுக்குத்தானே இவ்விடர்? சுழற்சியில்லாத எஸ்.எஸ்.டி.க்கு என்ன குறை என்பாருமுளர். அவர்கள் 2019ஆம் ஆண்டு நவம்பரில் எச்.பி.இ. கம்பெனியார் வெளியிட்ட எச்சரிக்கையை நினைவு கூர்வாராக. அவர்கள் விற்ற எஸ்.எஸ்.டி.களுட் சில, உள்ளிருந்த கட்டளைத் தொகுதியிலுள்ள ஒரு பிழையால், மின்னோட்டம் பெற்று 32,768 மணி நேரம் கழிந்தவுடன் செயலற்றுவிடும் என்றும், பிழை திருத்திய தொகுதியை உடனே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அவ்வெச்சரிக்கை கூறிற்று. ஒரே நாளில் மாட்டியவை ஏறத்தாழ ஒரே வேளையில் உயிர்விடுமாயின், எத்துணைத் தொகை எழுதி வைத்தும் என்ன பயன்? ஆதலின் ஒரே கோவையில் வெவ்வேறு காலத்தில் வாங்கிய வட்டுகளை, இயலுமாயின் வெவ்வேறு கம்பெனி வட்டுகளைக் கலந்து மாட்டுவது நன்று.

நான்காவது, எழுதும் பளு. கடையில் நாள்முழுதும் நிகழ்வன சிறு சிறு பதிவுகள். ஒரு பில், ஒரு வரவு, ஒரு சரக்குக் குறைவு. ரெய்டு 5இல் இத்தகைய சிறு மாற்றம் ஒன்றுக்குப் பழைய செய்தியைப் படித்தல், பழைய தொகையைப் படித்தல், புதிய செய்தியை எழுதல், புதிய தொகையை எழுதல் என நான்கு வேலைகள் நேர்கின்றன. ரெய்டு 6இல் ஆறு, இணைப்படியில் இரண்டே. இடையில் மின்சாரம் நின்றுவிட்டால், செய்தி எழுதப்பெற்றும் தொகை எழுதப்பெறாமலும் இரண்டும் முரண்படக்கூடும். மின்தடை அரிதல்லாத நம் ஊர்களில் இதனையும் எண்ணவேண்டும். எவ்வகைக் கோவையாயினும் யு.பி.எஸ். இன்றியமையாதது.

இக்காரணங்களால், சிறு வணிகருக்கு இணைப்படியே தக்கதென்பது எம் கருத்து. செய்தி சிறிதாயின் இரண்டு வட்டு கொண்ட ரெய்டு 1; பெரிதாயின் ரெய்டு 10. இதில் மீட்கும் வேலை எளிது. வீழ்ந்ததன் இணையை மட்டும் படித்துப் புதியதில் எழுதினாற் போதும். லினக்ஸ் முதலிய இயக்க முறைமைகள் தாமே அமைக்கும் இணைப்படியாயின், சர்வரே பழுதுற்றாலும் ஒரு வட்டைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிச் செய்தியைப் படித்துக்கொள்ளலாம். தனி அட்டை ஒன்றால் இயக்கப்படும் கோவையில், அவ்வட்டை பழுதுற்றால் அதே இனத்து அட்டையைத் தேடி அலைய நேரும்.

இதற்கு மறுப்புக் கூறுவாருமுளர். பாதி இடம் வீணாகிறதே என்பது முதல் மறுப்பு. எம் பெரிய தந்தையாரின் அச்சகத்தில் இருந்த செய்தி அனைத்தும் 3 டெராபைட்டுக்கும் குறைவே. அதற்கு 24 டெராபைட் இடம் அமைத்துக் கொடுத்தனர். வேண்டாத இடத்தை மிகுதியாகப் பெற்றதைச் சிக்கனம் என்று எண்ணி, வேண்டிய காப்பை இழந்தோம். உண்மையில் வீணானது எது?

ரெய்டு 6 எவை இரண்டு வீழ்ந்தாலும் தாங்குமே. நான்கு வட்டு கொண்ட ரெய்டு 10இல் ஓர் இணையின் இரண்டும் வீழ்ந்தால் எல்லாம் போகுமே என்பது இரண்டாம் மறுப்பு. இது வலிவுள்ள மறுப்பு, இதனை மதிக்கிறோம். ஆறு, எட்டு எனப் பெருவட்டுகள் வேண்டிய இடங்களில், ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் படங்களும் ஒலிப்பதிவுகளும் நிறைந்த சர்வருக்கு ரெய்டு 6ஐயே யாமும் தேர்வோம். ஆயின் பில்லும் கணக்கும் இடையறாது எழுதப்பெறும் சிறு கடைக்கு அதன் பளு மிகை. அன்றியும், அக்கடைக்காரர் அஞ்ச வேண்டிய பேரிடர் இரண்டாம் வட்டு வீழ்வது ஒன்றே அன்று. அதனை இனிக் கூறுவோம்.

வட்டுக்கோவை எதுவாயினும் அது செய்வது ஒன்றே: ஒரு வட்டு வீழ்ந்தவழியும் வேலை நிற்காதபடி காப்பது. பிழையாக அழித்ததனை அது மீட்டுத் தராது; அழித்த கட்டளையை எல்லா வட்டிலும் செவ்வனே நிறைவேற்றி வைக்கும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாளில் கிட்லேப் என்னும் கம்பெனியில் ஒரு பொறியாளர் வேறொரு சர்வர் என்று எண்ணித் தலைமைச் சர்வரின் செய்தித்தொகுதியை அழித்துவிட்டார். படியெடுக்க அவர்கள் அமைத்திருந்த பல வழிகளும் அவ்வேளையில் உதவாமற்போயின. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பெற்ற ஒரு படியே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரச் செய்தி மீளவில்லை. நெருப்புக்கும் வட்டுக்கோவை தடையன்று. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாளில் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்த ஓ.வி.எச். கம்பெனியின் சர்வர் மாளிகைகளுள் ஒன்று எரிந்து அழிந்தது. வேறிடத்தில் படி வையாத வாடிக்கையாளர் பலர் செய்தியை இழந்தனர். ஓரிடத்தில் எத்தனை படி இருந்தால் என்ன? நெருப்பு அவற்றை எண்ணிப் பார்த்து எரிப்பதில்லை. செய்திகளை மறையெழுத்தாக்கிப் பணம் பறிக்கும் கயவரின் கட்டளைத் தொகுதி புகுந்தாலும் இதே கதிதான்.

ஆதலின் வட்டுக்கோவை வேறு, படி வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதே எம் பெரிய தந்தையாரின் இழப்புக்கு மூலம். ரெய்டு 5ஐத் தேர்ந்தது சிறு பிழை. கோவை இருக்கிறதென்று படியெடுப்பதை விட்டது பெரும்பிழை. விற்றவர் கூறியது பொய்யன்று. ஒன்று போனபோது மற்ற மூன்றும் தாங்கவே செய்தன. கவலை வேண்டாம் என்ற சொல்லே நஞ்சாயிற்று.

தமிழ் மாணாக்கராகிய நாம் இதனை எளிதில் உணரவேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அச்சிற் கொணர்ந்தபோது, ஊரூராகத் திரிந்து ஏடு தேடினார். ஓர் ஏட்டில் சிதைந்ததனை மற்றோர் ஏடு கொடுத்தது. அவ்வேடுகள் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வீடுகளில் கிடந்தமையாலன்றோ அஃது இயன்றது? எல்லாம் ஒரே பெட்டியில் இருந்திருப்பின், அப்பெட்டி எத்துணை வலிதாயினும், ஒரு கறையான் புற்றுக்கு விடையளித்திருக்குமா? ஓலையை விட வட்டு நொய்யது. ஓலையைப்போல் ஓரம் மிஞ்சுவதுமில்லை.

எனவே, நான்கு வட்டு வாங்கும் பொருள் ஒருவரிடம் இருக்குமாயின், நான்கையும் ஒரே பெட்டியில் அடைக்க வேண்டா என்பதே எம் முடிபு. இரண்டனைச் சர்வரில் இணைப்படியாக மாட்டுக. மற்ற இரண்டனைப் படியெடுக்க வைத்துக்கொள்க. ஒன்றில் நாள்தோறும் படியெடுத்து, வாரம் முடிந்ததும் அதனைக் கழற்றி வேறு வீட்டிற் சேர்த்து, அங்கிருந்த மற்றதனைக் கொணர்ந்து மாட்டுக. கழற்றி வைத்த வட்டைக் கயவரின் கட்டளை தீண்டாது. கடையில் பற்றிய நெருப்பும் வீட்டை எட்டாது. மூன்று படி, இருவகைக் கருவி, ஒன்று வேறிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதியின் உட்கருத்தும் இதுவே. இணையத்தின் வழியே வேறோரிடத்தில் படி வைக்க வசதியுள்ளோர் அதனையும் செய்க.

வட்டுக்கோவையைத் தேர்வதற்கு முன் வணிகர் தம்மைத்தாமே வினவிக்கொள்ள வேண்டியவை நான்கு. நம் செய்தியின் அளவு எவ்வளவு? சர்வர் நின்றால் எத்தனை மணி நேரம் பொறுக்க இயலும்? எத்தனை நாள் வேலையை மீண்டும் செய்ய இயலும்? சிவப்பு விளக்கு எரிந்தால் அதனைக் காண்பவர் யார்? முதலாவதற்குரிய விடை வட்டின் அளவைக் காட்டும். இரண்டாவது, கோவையின் வகையைக் காட்டும். மூன்றாவது, எத்தனை நாளைக்கொருமுறை படியெடுக்க வேண்டும் என்பதைக் காட்டும். நான்காவதற்கு ஒருவர் பெயரை விடையாகக் கூற இயலாவிடில், மற்ற மூன்றற்கும் கூறிய விடைகள் வீண். படியெடுத்தால் மட்டும் போதாது. மூன்று திங்களுக்கொருமுறையேனும் அப்படியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்க்கவேண்டும். திறந்து பாராத படி, விதைத்துப் பாராத விதை போல்வது.

பெரிய தந்தையாரின் அச்சகத்தில் இப்பொழுது இம்முறையே நடைபெறுகிறது. சர்வர் பின்கட்டிலிருந்து முன்னறைக்கு வந்துவிட்டது. எச்சரிக்கை, அவருடைய கைத்தொலைபேசிக்கே வருகிறது. சனிக்கிழமை மாலையில் கடை அடைக்கும்போது ஒரு வட்டு அவர் பையில் வீட்டுக்குச் செல்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடித்தாயிற்று என்று அவரே சில வேளை கூறி வருந்துவார். ஆயினும் அடுத்த கன்றுக்குத் தும்பு உறுதியாயிற்று.

அப்பெரியவரின் அகராதி மறுபடியும் தொடங்கப்பெற்றிருக்கிறது. வருகின்ற கோடையில் அவர் சொல்ல, யாம் எழுதுவோம். முன்னே சொன்னவற்றுள் எத்தனை மீண்டும் அவர் நினைவில் வரும் என்று எவரால் கூற இயலும்? வருபவற்றையேனும் இனி இழப்பதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறோம். சகோதர மாணவர்களே, நாளை நீங்கள் பணிபுரியப் போகும் கடையிலோ அலுவலகத்திலோ பள்ளியிலோ ஒரு சர்வர் இருக்கும். அதனுள் எத்தனை வட்டு என்று வினவுவதோடு நில்லாதீர்கள். அதற்கு வெளியே எத்தனை படி என்றும் வினவுங்கள்.